எஸ்கலேட்-வி, ஜிஎல்எஸ் 63: எது உங்களுக்கு?

இரண்டும் பெரிய சொகுசு எஸ்யூவி கார்கள், இரண்டும் அமெரிக்காவில்தான் உருவாகின்றன: காடிலாக் எஸ்கலேட்-வி டெக்சஸில், மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிஎல்எஸ் 63 அலபாமாவில். இரண்டிலும் எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் நிற்கும் வி8 என்ஜின், மூன்று வரிசை இருக்கை. ஒற்றுமை அதோடு சரி.

காடிலாக்கில் 6.2 லிட்டர் என்ஜின், 682 குதிரைத்திறன். அதன் மேல் உட்கார்ந்து, உள்ளே கூடுதல் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜரை என்ஜினே பெல்ட் போட்டுச் சுழற்றுகிறது. அதனால் ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே வண்டி பாய்கிறது. கூடவே மெல்லிய விசில் போல ஓர் ஓசை. ஆனால் அந்தச் சுழற்சிக்கான சக்தியும் என்ஜினிலிருந்தே போக வேண்டும். பெட்ரோல் செலவு எகிறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மெர்சிடிஸ் வேறு மாதிரி யோசித்திருக்கிறது. 4.0 லிட்டர், 603 குதிரைத்திறன். அதே காற்றுத் தள்ளும் வேலையை, வீணாய்ப் போகும் புகையால் சுழன்று செய்யும் இரண்டு டர்போக்களும் வி வடிவத்தின் நடுப்பள்ளத்திலேயே இருக்கின்றன. புகை போகும் தூரம் குறைவு, அதனால் மிதித்த பிறகு வேகம் பிடிக்க ஆகும் தாமதமும் குறைவு. மிச்சத் தாமதத்தை 48 வோல்ட் மோட்டார் சரிக்கட்டுகிறது. ஒரே ஆள் முழுதாகக் கோத்து, தன் கையெழுத்துத் தகட்டைப் பதித்த என்ஜின் அது. எனக்கு இந்த வேலைப்பாடுதான் பிடித்திருக்கிறது.

எஸ்கலேட்டின் உடல் லாரி போலத் தனிச் சட்டத்தின் மேல் நிற்கிறது, ஜிஎல்எஸ்ஸில் உடலும் சட்டமும் சேர்ந்த ஒரே கூடு. வளைவில் உடல் சாயாமல் மின்மோட்டார்கள் பிடித்துக்கொள்வதால் மலைப்பாதைக்கு மெர்சிடிஸ்தான். அப்புறம், ஏழு பேரும் மூட்டை முடிச்சுமாக நெடுஞ்சாலையில் போகிறவர்கள் காடிலாக்கை எடுக்கலாம். கடைசி வரிசையில் பெரியவர்களும் கால் நீட்டி உட்கார முடியும்.