ஆழமான வியூக ஆட்டம்: மூன்றில் எது?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையொன்றில் வேலை செய்கிறேன். மே முதல் ஜூலை வரை மூச்சுவிட நேரமிருக்காது. பருவம் முடிந்ததும் மாலைப் பொழுதுகள் காலியாகக் கிடக்கும். அந்தப் பொழுதுகளுக்காக, மூளைக்கு நிறைய வேலை தரும் கணினி ஆட்டமாகத் தேடி, நாகரிகமொன்றை வளர்க்கும் சிவிலைசேஷன் 6, நாடொன்றை ஆளும் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4, தொழிற்சாலை கட்டும் ஃபேக்டோரியோ ஆகிய மூன்றையும் ஆடிப் பார்த்தேன். கணினியில் இன்றும் இருப்பது ஃபேக்டோரியோ மட்டுமே.

காட்சியழகிலும் இசையிலும் சிவிலைசேஷனுக்கே முதலிடம். அதில் வாதத்துக்கு இடமில்லை. நான் எடைபோட்டது வேறொன்றை: தோற்றுப்போனால், எங்கே தவறினோம் என்பதை ஆட்டத்துக்குள்ளேயே தேடிப் பிடிக்க முடிகிறதா?

ஃபேக்டோரியோவில் முடிகிறது. அதில் ஒரு பச்சை சர்க்யூட் (மின்னணுப் பலகை) செய்ய 1 இரும்புத் தகடும் 3 செம்புக் கம்பியும் வேண்டும். 1 செம்புத் தகட்டிலிருந்து 2 கம்பிகள் கிடைக்கும். இரண்டு வேலைகளுக்கும் அடிப்படை நேரம் அரை வினாடிதான். ஒன்றுக்கு ஒன்று என்று இயந்திரங்களை வைத்துவிட்டு, சர்க்யூட் ஏன் போதவில்லை என்று விழித்துக்கொண்டிருந்தேன். சுட்டியை இயந்திரத்தின்மேல் வைத்தபோதுதான் அது மூலப்பொருளுக்காகக் காத்து நிற்பது தெரிந்தது. தாளில் கணக்குப் போட்டால், 2 சர்க்யூட் இயந்திரங்களுக்கு 3 கம்பி இயந்திரங்கள் தேவை. கூழ் பிழியும் இயந்திரம் சும்மா நின்றால் அதைத் திட்டாமல், பழம் கழுவும் இடத்தைப் போய்ப் பாருங்கள் என்று ஆலையில் புதியவர்களுக்குச் சொல்லும் நானே அதை மறந்திருந்தேன். அதைச் சரிசெய்தவுடன் பொருள்களைக் கொண்டுவரும் பெல்ட்டில் செம்பு பற்றாமல் போகும், அதையும் சரிசெய்தால் மின்சாரம் பற்றாது. இப்படி ஒவ்வொரு தீர்வும் அடுத்த கணக்கைக் கொண்டுவந்து நிறுத்துவதையே நான் ஆழம் என்கிறேன்.

சிவிலைசேஷனில் நகரத்தை எங்கே அமைப்பது, எந்த வட்டாரத்தை (நகரின் தனிப்பணிப் பகுதியை) எதன் அருகே எழுப்புவது என்ற யோசனை முதல் 100 சுற்றுகள்வரை அருமையாக இருக்கும். ஆனால் கடினத்தின் உச்சநிலையில் கணினி எதிராளிகள் கூடுதல் குடியேறிகளோடும் சலுகைகளோடும் தொடங்குகிறார்களே தவிர, நம்மைவிடக் கூர்மையாகச் சிந்திப்பதில்லை. அப்படித் தோற்கும்போது, பிழை என்னுடையதா சலுகையினுடையதா என்று பிரித்தறிய என்னால் முடியவில்லை.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 1444 நவம்பர் 11இல் தொடங்குகிறது. நம் ஊர் மலைக்கோட்டையை எழுப்பிய விஜயநகர அரசை எடுத்து ஆடலாம் என்பதே என்னை அதனிடம் இழுத்தது. மூன்றிலும் பரந்தது இதுதான். ஆயினும், கலகம் வெடித்தபின் காரணத்தைத் தேடினால் அது பல ஆண்டுகளுக்கு முன்னர் எடுத்த ஏதோவொரு முடிவில் புதைந்திருக்கும். நான் 40 மணி நேரமே ஆடியிருக்கிறேன், பழகியவர்களுக்கு அது பளிச்சென்று தெரியக்கூடும். ஆகவே இந்தக் குறையைப் பாதி எடையோடு கொள்ளவும்.

விலையைப் பொறுத்தவரை, ஃபேக்டோரியோவைத் தள்ளுபடியில் விற்பதில்லை என்பது அதை உருவாக்கியவர்களின் கொள்கை. அதனால் விலை குறையட்டும் என்று காத்திருப்பது வீண். இலவச மாதிரிப் பதிப்பு உண்டு, முதலில் அதை ஆடிப் பாருங்கள். 2024இல் வந்த ஸ்பேஸ் ஏஜ் விரிவாக்கம் (தனியே வாங்கும் கூடுதல் பகுதி) இல்லாமலேயே மூல ஆட்டம் முழுமையாக இருக்கிறது. மற்ற இரண்டும் தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கும்; ஆனால் விரிவாக்கங்களைச் சேர்த்துக் கூட்டினால் கணக்கு மாறிவிடும், யூரோப்பாவில் அந்தப் பட்டியல் மிக நீளம்.

பேரம், கூட்டணி, துரோகம் என்று எதிரே ஓர் ஆள் இருப்பதுபோன்ற ஆட்டம் வேண்டுவோருக்கு ஃபேக்டோரியோ ஏமாற்றமாகவே இருக்கும், ஏனெனில் அதில் எதிரிகள் வெறும் பூச்சிக் கூட்டம். பாலக்கோட்டில் இருக்கும் என் மைத்துனர் இந்தக் காரணத்துக்காகவே சிவிலைசேஷனை விடவில்லை. நானும் அவரை வற்புறுத்துவதில்லை.