காமலாபுரம் விமான நிலையம்: ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்

எனக்குச் சொந்த ஊர் சேலம் அம்மாப்பேட்டை, பிழைப்பு ஹைதராபாத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். இரண்டுக்கும் நடுவே இத்தனை வருடமாக எனக்குத் துணை சபரி எக்ஸ்பிரஸ்தான். மதியம் செகந்திராபாத்தில் ஏறினால் விடிவதற்குள் சேலம் ஜங்ஷன். ஒருமுறை அசந்து தூங்கி ஈரோட்டில் போய் இறங்கினேன். அதனால் 2023 அக்டோபர் கடைசியில் இண்டிகோ விமானம் சேலத்துக்கு, அதாவது ஊருக்கு வெளியே இருக்கும் காமலாபுரத்துக்கு, வருகிறது என்று கேள்விப்பட்டதும், 2024 பொங்கலுக்கு முதல் வேலையாக அதில்தான் டிக்கெட் போட்டேன். அப்போது தினமும் விமானம் கிடையாது. நாள் பார்த்துத்தான் போட வேண்டியிருந்தது.

விலை மூவாயிரத்துச் சொச்சம். வந்தது ஏ.டி.ஆர். ரகம், இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும் சின்ன விமானம். வால் பக்கத்துப் படியில் ஏற வேண்டும். இரைச்சல் கொஞ்சம் உண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். ஆனால் தாழப் பறப்பதால் வேடிக்கை பார்க்க இதை விட்டால் வேறில்லை. இறங்கும் நேரம் சேர்வராயன் மலை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் கைபேசியை எடுத்து முடிப்பதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது.

சரி, நிலையத்துக்கு வருவோம். படியிறங்கினால் பேருந்தும் இல்லை, பாலமும் இல்லை. நடந்தே கட்டடத்துக்குள் போய்விடலாம். இறங்கியதிலிருந்து வாசலுக்கு வர எனக்குப் பிடித்தது பதினோரு நிமிடம், பெட்டி வந்ததையும் சேர்த்து. ஹைதராபாத்தில் வாசலிலிருந்து விமானக் கதவு வரை நடந்த நேரத்தில் இங்கே நான்கு முறை போய்வரலாம். சுத்தம், வரிசை, பேச்சு எல்லாம் நன்றாகவே இருந்தது. முழு மதிப்பெண்.

வெளியே வந்த பிறகுதான் சோதனை. ஊருக்குள் போக இருபது கிலோமீட்டர் இருக்கும். அன்று அமர்த்திய வாடகைக் கார்க்காரர் முதலில் ஒரு தொகை சொல்லி, ஓமலூர் தாண்டியதும் இன்னொன்று சொன்னார். பேரம் பேசி முடிப்பதற்குள் ஐந்து ரோடு வந்துவிட்டது. வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லிவிடுங்கள்.

இதுவரை எழுதியது எல்லாப் பயணியும் எழுதக்கூடியது. என் புத்தி கணக்கில் போகும், அதனால் எனக்கு உறுத்தியதையும் எழுதுகிறேன். ஓடுபாதை ஓரத்தில் சிவப்புத் தீயணைப்பு வண்டி ஒன்று தயாராக நின்றது. உள்ளே ஆட்கள் முழு உடுப்பில். ஒரு நாளைக்கு இறங்குவது ஒன்றிரண்டு விமானம் என்றாலும் அந்த வண்டி நின்றாக வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள் இருந்தாக வேண்டும், பையை ஸ்கேன் செய்ய ஆள், வாசலில் போலீஸ். பயணி எழுபது பேர் வந்தாலும் ஏழு பேர் வந்தாலும் இந்தச் சம்பளம் குறையாது. சின்ன விமான நிலையத்தின் வியாதியே இதுதான். ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபம் கட்டி, வருடத்துக்கு நாலு முகூர்த்தம் மட்டும் நடத்துவது மாதிரி.

அப்புறம் யார் காசு போடுகிறார்கள்? என் பழைய மும்பை டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். விலைப் பிரிப்பில் 'பிராந்திய இணைப்புக் கட்டணம்' என்று ஐம்பது ரூபாய் இருக்கும். பெரிய ஊர்களுக்கு நடுவே பறக்கும் விமானங்களின் மேல் மத்திய அரசு ஒரு தீர்வை போட்டிருக்கிறது. அதை நிறுவனங்கள் பயணி தலையில் இறக்குகின்றன. அந்தப் பணம் ஒரு நிதியில் சேர்ந்து, சின்ன ஊர்களுக்கு விமானம் விடுவதற்காக 2016இல் அறிவித்த உடான் திட்டத்துக்குப் போகிறது. தேர்ந்தெடுத்த தடத்தில் எந்த நிறுவனம் குறைந்த மானியம் கேட்கிறதோ அதற்குத்தான் ஏலத்தில் தடம். பாதி இருக்கைகளை உச்சவரம்பு விலைக்குள் விற்க வேண்டும், துண்டு விழுவதை மானியம் அடைக்கும். மானியத்தில் 80 விழுக்காடு மத்திய நிதி, 20 விழுக்காடு மாநிலம். காவலும் தீயணைப்பும் மாநிலத்தின் இலவசம், விமானம் இறங்குவதற்குக் கட்டணம் இல்லை. இந்த நிலையங்களில் நிரப்பும் எரிபொருளுக்கு வாட் வரி 1 விழுக்காடுதான். தமிழ்நாட்டில் வழக்கமான விகிதம் 29.

ஆக, நான் கொடுத்தது மூவாயிரம் என்றால், மும்பைக்குப் போகிறவர் தெரியாமலே எனக்கு மொய் எழுதியிருக்கிறார். நன்றி.

ஆனால் அந்த மொய் மூன்றே வருடத்துக்கு. அதற்குப் பிறகு தடம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். நிற்கிறதா? உடானைப் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 2023 ஆகஸ்டில் வந்தது. எங்கள் அலுவலகத்தில் அதை நாவல் மாதிரி படித்தோம். முதல் மூன்று ஏலச் சுற்றில் கொடுத்த தடங்கள் 774. பறக்கத் தொடங்கியவை 371. மூன்று வருடத்தை முழுசாக முடித்தவை 112. அதன் பிறகும் ஓடிக்கொண்டிருந்தவை 54. நூறு கல்யாணத்தில் ஏழு கல்யாணம் நிலைத்தது என்று சொன்னால் அந்தத் தரகரிடம் யார் ஜாதகம் கொடுப்பார்கள்?

சேலமும் இந்தக் கணக்குக்குள் வந்த ஊர்தான். 1993இல் நிலையம் திறந்தபோது அப்பா என்னைச் சைக்கிளின் முன் கம்பியில் உட்காரவைத்து வேடிக்கை காட்டக் கூட்டிப்போனார். என்.இ.பி.சி. என்ற நிறுவனத்தின் விமானம் சில காலம் வந்தது, பிறகு நின்றுபோனது. பிறகு புல் முளைத்த ஓடுபாதை. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது. அது நின்றது, 2012இல் நிறுவனமே படுத்துவிட்டது. 2018 மார்ச்சில் உடானில் ட்ரூஜெட் சென்னைக்கு ஓடியது, 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. என் விரலை மடக்கினால் நான்காவது முறை. கணக்குப்படி 2026 அக்டோபருக்கு மேல் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு இடைஞ்சல் ஓடுபாதை. நீளம் 1,806 மீட்டர். ஏ.டி.ஆருக்கு இது தாராளம். ஏர்பஸ் ரகத்தை முழு பாரத்தோடு அனுப்ப முடியாது. நீட்டலாம், ஆனால் நிலம்? காமலாபுரம், சிக்கனம்பட்டி, பொட்டியபுரம், தும்பிப்பாடி நான்கு ஊரிலுமாக 570 ஏக்கர் என்றதும் 2018இல் விவசாயிகள் கொதித்துவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எனக்கு நேரம் மிச்சம் என்பதற்காக இன்னொருவர் தென்னந்தோப்பை எழுதிக் கொடு என்று நான் கேட்க மாட்டேன். ஏ.டி.ஆரிலேயே காலம் தள்ளட்டும்.

அமெரிக்காவில் சின்ன ஊர்களின் விமான நிலையத்தை நகராட்சியே நடத்தும் வழக்கம் உண்டு. பயணி விமானம் வராவிட்டாலும் அங்கே தனியார் சின்ன விமானங்களின் கொட்டகை வாடகை, எரிபொருள் விற்பனை, பறக்கும் பள்ளி என்று காசு வரும். ஓடுபாதை சீர்படுத்த மத்திய அரசு பெரும்பாலும் 90 விழுக்காடு வரை தரும். அதற்குப் பதிலாக ஒரு கறாரான நிபந்தனை: நிலையத்தில் வந்த வருமானத்தை ஊர்ச் சாக்கடைக்கு எடுக்கக்கூடாது, நிலையத்துக்கே செலவு செய்ய வேண்டும். இதுவும் கணக்குக்காரன் புத்திக்கு ருசிக்கிற விஷயம். இங்கே நிலையம் விமான நிலைய ஆணையத்துடையது, சேலம் மாநகராட்சிக்கு அதில் ஒரு பைசா பொறுப்பும் கிடையாது. இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் டெல்லிக்கு. ஊர்க்காரனுக்கு அதை வளர்க்க ஒரு கைப்பிடியும் இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

மூன்றரை நட்சத்திரம் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். நிலையத்துக்கு நான்கு. அடுத்த வருடம் இதே டிக்கெட் கிடைக்குமா என்ற சந்தேகத்துக்கு அரை கழித்தேன்.

வீட்டுக்குப் போய்த் தட்டுவடை செட்டைக் கடித்துக்கொண்டே இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. ராத்திரி படுக்கப்போகும்போது மட்டும் கேட்டார், "ஏங் கண்ணு, தீபாவளிக்கும் இதுலதான் வருவியா?"

"ஆமாப்பா."

"வா, வா. சபரியிலயும் ஒரு டிக்கெட்டுப் போட்டு வெச்சுக்கோ."