சுகோய் டீடெயில் செட்: கட்டையை அறுக்கும் முன் அளந்து பாருங்கள்

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 222-வது ஸ்குவாட்ரன் ஓட்டுகிற சுகோய்-30 எம்கேஐ போர் விமானத்தைத்தான் இந்தப் பக்கத்து பிளாஸ்டிக் மாடல்காரர்கள் ஆசையாகக் கட்டுவது. அந்த ஆசையை வைத்தே ஒரு ஆன்லைன் வியாபாரி விற்கிறார்: 1/72 அளவு (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) மாடலில் கூடுதலாக ஒட்டிக்கொள்ள "முழு எம்கேஐ செட்", ரூ. 2,800. ரெசினில் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்) இரண்டு சீட், சக்கரங்கள், இரண்டு நாசில் (எஞ்சினின் பின்வாய்), கூடவே ஒரு பித்தளை எட்ச் தகடு (ரசாயனத்தால் அரித்து எடுத்த நுண்பாகங்கள்). ரெசின் பாகங்கள் ஒரு அடிக்கட்டையோடு சேர்ந்தே வார்த்து வரும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கும்பகோணத்துக்கு வந்த பார்சலைப் பிரித்தால் உள்ளே அதற்கு முந்தைய சுகோய்-27 விமானத்துக்கான செட்டின் நகல். திருப்பி அனுப்பக் கேட்டதற்கு, "அடிக்கட்டையிலிருந்து அறுத்த பாகத்தை எடுக்க மாட்டோம்" என்று பதில். இரண்டு சக்கரத்தை அறுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது என்பதால் பணம் போனது போனதுதான்.

முதலில் முன்சக்கரத்தை எண்ணுங்கள். எம்கேஐக்கு அது ஜோடி, சுகோய்-27க்கு ஒற்றை. பார்சலில் இருந்தது ஒற்றை. பிறகு வெர்னியர் வைத்துப் பின்சக்கரத்தை அளக்க வேண்டும். நிஜ விமானத்தில் விட்டம் 1,030 மி.மீ., 72-ஆல் வகுத்தால் 14.3. இங்கே வந்தது 13.9. தரையில் அழுந்தின மாதிரி டயரின் அடி தட்டையாக வார்த்திருப்பார்கள், ஆகவே மேலிருந்து கீழாக இல்லாமல் விட்டத்தைக் கிடையாக அளந்தால்தான் சரியான கணக்கு வரும்.

ஏன் சுருங்குகிறது? அசலை வைத்து சிலிக்கான் அச்சு எடுத்து, அதில் வார்த்ததை வைத்து மறுபடி அச்சு எடுக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் அளவு குறையும், டயர் வரி மழுங்கும், சீட் பெல்ட்டின் பக்கிள் வெறும் மேடாகிவிடும், மூலைகளில் குமிழி விழும். சுவாமிமலையில் சிலைக்கு ஒரு அச்சு என்று உடைத்துவிடுகிறார்கள். இந்த ஆட்களுக்கு நகலின் நகலே முதலீடு.

நாசிலில் இன்னொரு அடையாளம் உண்டு. எம்கேஐயின் ஏஎல்-31எஃப்பி எஞ்சின் நாசில் திரும்பக்கூடியது, இதழ்களுக்கு முன்னால் அந்தத் திருகுவளையம் தெரிய வேண்டும். வளையம் இல்லையென்றால் அது பழைய எஞ்சின்.

எட்ச் தகட்டில் மடிப்புக் கோடு பாதி ஆழத்துக்கு அரித்திருக்க வேண்டும். இதில் கோடே இல்லை, தகடும் தடிமன். மடித்தால் பக்கவாட்டுப் பேனல் நேராக நிற்காமல் வில் மாதிரி வளைந்தது. "கலர் அச்சிட்டது" என்ற டயல் பேனலின் ஓரத்தை ஊசியால் லேசாக நெம்பினால் காகித ஸ்டிக்கர் உரிந்து வருகிறது!

ரெசின் பிசுபிசுத்தால் பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். அச்சு எண்ணெய் என்றால் போய்விடும். காய்ந்தும் விரல் ஒட்டினால் கலவை விகிதம் தப்பு. அது இறுகவே இறுகாது, மேலே அடிக்கிற பெயின்ட்டும் காயாது. சரிசெய்ய வழியில்லை. நல்ல ரெசினாகவே இருந்தாலும் ஈரம் வைத்துத்தான் தேய்க்க வேண்டும், மாஸ்க்கோடு. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

செட்டோடு வந்த இலவச சூப்பர் குளூவைக் காக்பிட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதன் ஆவி கண்ணாடி மூடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும். மூடிக்கு வெள்ளைப் பசை போதும்.

வாங்குவதற்கு முன், முன்சக்கரத்தை ஸ்கேல் பக்கத்தில் வைத்து ஒரு படம் கேளுங்கள். இந்த வியாபாரியிடம் கேட்டபோது பெட்டியின் அட்டைப் படம்தான் திரும்பத் திரும்ப வந்தது.