திடீர் திடீரென நிற்கும் கணினி: பதிவேடா, சோதனை மென்பொருளா, பாகமாற்றா?

ஒரேயடியாகச் செத்துப்போன கணினியைப் பழுது பார்ப்பது எளிது. நான்கு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு ஐந்தாம் நாள் பாதி வேலையில் அணைந்துபோகிறதே, அந்தக் கணினிதான் ஆளை அலைக்கழிக்கும். பழுது பார்ப்பவர் முன்னால் வைத்தால் சமர்த்தாக ஓடும். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய பிறகும் தொல்லை தீரவில்லை என்றால் வன்பொருளைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள் இருக்கின்றன: கணினி எழுதிவைக்கும் பதிவேட்டைப் படிப்பது, சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்ப்பது, பாகங்களை மாற்றிப் பார்ப்பது. நான் மூன்றாவது வழியின் பக்கம். ஆனால் பெரும்பாலோர் அதைச் செய்கிற முறையில் எனக்கு உடன்பாடில்லை.

எந்த வழியில் இறங்குவதாக இருந்தாலும் முதலில் உங்கள் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்துவிடுங்கள். ரேம் கெட்டிருந்தால் கணினி நிற்பது கண்ணுக்குத் தெரிகிற சேதம் மட்டுமே. புகைப்படங்களும் கணக்குகளும் ஓசையில்லாமல் சிதைந்து வட்டில் பதிவாகிக்கொண்டிருக்கலாம். அதனால் புதிய நகலைப் பழைய நகலின் மேல் எழுதாமல் தனியாக வையுங்கள்.

பதிவேட்டைப் படிக்கச் செலவில்லை; பத்து நிமிடம் போதும். ஆகவே தொடக்கம் அங்கேதான். விண்டோஸில் இந்தப் பதிவேட்டைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு கண்ணில் படும். ‘பவர்’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் பலர் எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியை) மாற்றிவிடுகிறார்கள். அந்தப் பதிவோ, கணினி முறைப்படி மூடப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அதற்குள் பிழைக் குறியீடு 0 என்று இருந்தால், எதையும் எழுதிவைக்க இயங்குதளத்துக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள். மின்சாரம் அறுந்திருக்கலாம், சூடு ஏறியிருக்கலாம், முற்றாக உறைந்திருக்கலாம். ‘வீயா-லாகர் 18’ இதைவிடக் கனமான சாட்சி, ஏனென்றால் அது வன்பொருளே தெரிவித்த பிழை. ஒவ்வொரு முறையும் அதில் ஒரே கோரின் (செயலிக்குள் இருக்கும் கணக்கிடும் அலகின்) எண் வந்தால் செயலியைச் சந்தேகிக்க நல்ல காரணம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் நின்றுபோகும்போது காட்டும் நீலத்திரையில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழைப்பெயர் வந்தால் என் கண் முதலில் ரேம் பக்கம் போகும்.

ஆனால் பதிவேடு, பிழை வெடித்த இடத்தைச் சொல்லுமே தவிர, பிழை பிறந்த இடத்தைச் சொல்லாது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளில் இது நன்றாகத் தெரிந்தது. விளையாட்டுகள் ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்ற செய்தியோடு நின்றன. அதைப் படிக்கிற யாரும் கிராபிக்ஸ் கார்டைத்தான் குறை சொல்வார்கள். பழுது இருந்ததோ செயலியில். 2024இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (செயலிக்குள் இருக்கும் அடிப்படை நிரல்) திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே சேதமடைந்த செயலியை அந்தத் திருத்தத்தால் மீட்க முடியவில்லை, மாற்றத்தான் வேண்டியிருந்தது.

சோதனை மென்பொருளுக்கு வருவோம். கிறிஸ் பிராடி 1994இல் எழுதிய மெம்டெஸ்ட்86, இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே யுஎஸ்பி துண்டிலிருந்து ஓடி ரேமைச் சோதிக்கிறது. பிரைம்95 பகா எண் தேடப் பிறந்தது. விடை தெரிந்த கணக்குகளைச் செயலியிடம் மணிக்கணக்கில் கொடுத்து, வந்த விடை சரியா என்று பார்க்கிறது. இரண்டும் அருமையான கருவிகள். ஆனால் இவற்றின் தீர்ப்பு ஒருபக்கத் தீர்ப்பு: பிழை காட்டினால் பழுது உறுதி, காட்டாவிட்டால் எதுவும் உறுதியில்லை. மெம்டெஸ்ட்டில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அதை அலட்சியம் செய்யக்கூடாது. இரவு முழுக்க ஓட்டிப் பிழையே வரவில்லை என்பதற்காக ரேமை விடுதலை செய்துவிடவும் கூடாது. பிழை வந்தாலும்கூடக் குற்றவாளி ரேம் தகடா, அது செருகியிருக்கும் இடமா, செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டகமா என்பதைத் தகடுகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றித்தான் பிரித்தறிய முடியும்.

இன்னொரு குறை அதிகம் பேசப்படுவதில்லை. சில கணினிகள் கடும் வேலையில் நிற்பதில்லை. சும்மா இருக்கும்போது, செயலி மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு தூங்கப் போகும் நேரத்தில் நின்றுவிடும். அவற்றைப் பிரைம்95 போட்டு நாள் முழுக்க வாட்டினாலும் ஒரு பிழையும் வராது.

வட்டுகள் தங்கள் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையும் இதே வகைதான். 197 என்ற எண்ணுக்கு (படிக்க முடியாமல் தேங்கிய பகுதிகளின் எண்ணிக்கை) நேரே மதிப்பு ஏறிக்கொண்டே போனால் வட்டை நம்பாதீர்கள். 199 (தரவு கடத்தும்போது வரும் பிழைகள்) ஏறினால் முதலில் கேபிளை மாற்றுங்கள். எதுவும் ஏறவில்லை என்பது நற்சான்றிதழ் ஆகாது. கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்த வட்டுகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மென்பொருள் கிட்டத்தட்டக் கையை விரித்துவிடுகிறது. 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பது வழக்கமான விதி. மல்டிமீட்டரில் 12.1 என்று பார்த்து நிம்மதி அடைபவர்கள் பலர். மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. கிராபிக்ஸ் கார்டு திடீரென மின்சாரத்தை இழுக்கும் அந்த நொடித்துளியில் வரும் சரிவு அதில் தெரியாது, மின்னழுத்த மாற்றத்தை நொடித்துளி வாரியாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். அது இல்லாதவர்களுக்கு நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு நம்பகமான வழியில்லை.

பாகமாற்று இங்கேதான் மற்ற இரண்டையும் முந்துகிறது. அதற்குப் புதிய பாகம் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்து ரேமை அதன் இயல்பான வேகத்தில் ஓட்டுங்கள். இரண்டு தகடுகளில் ஒன்றைக் கழற்றுங்கள். செயலியிலேயே காட்சி வசதி இருந்தால் கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிடுங்கள். சந்தேகப்படும் பாகத்தை நல்ல கணினியில் மாட்டி, பழுதும் கூடவே போகிறதா என்று பார்க்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம். அது நல்ல கணினியையும் கெடுத்துவிடக்கூடும்.

தவறு நடப்பது இரண்டு இடங்களில். ஒரே நாளில் ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மற்றொன்று அவசரம். சராசரியாக மூன்று நாளுக்கு ஒருமுறை தாறுமாறாக நிற்கும் கணினி, பழுது அப்படியே இருந்தாலும் மூன்று நாள் நிற்காமல் ஓட ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்பது நாள் ஓடினால் அந்த வாய்ப்பு 5 சதவீதமாகக் குறைகிறது. ஆகவே சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு காத்திருங்கள். இவ்வளவு பொறுமை கேட்பதுதான் இந்த வழியின் உண்மையான விலை.

ஒன்பது நாள் கடந்த பிறகும் நான் ஒரு வேலை வைத்திருக்கிறேன்: பழைய பாகத்தைத் திரும்ப மாட்டுவது. ஒருமுறை புது ரேம் போட்டதும் நிற்பது அடியோடு ஒழிந்த கணினியில் பழைய தகட்டை மறுபடி செருகினேன். அப்போதும் நிற்கவில்லை. செருகுமிடத்தில் சேர்ந்திருந்த அழுக்கு, கழற்றி மாட்டியதில் உரசிப்போயிருக்கிறது. அந்தப் பழைய ரேம் இன்றும் அதே கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது.