இசைத்தட்டு: துடைப்பதா, கழுவுவதா, உறிஞ்சுவதா?

பழைய எல்பி இசைத்தட்டு ஒன்று கைக்கு வந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கரகரப்பு. சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முதல் பக்கத்தை நானே கையால் கழுவித் துடைத்தேன். மறுபக்கத்தை நண்பர் வீட்டில் இருக்கும், கழுவிய ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தில் போட்டேன். காய்ந்த பிறகு விளக்கடியில் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலப் பளபளவென்றுதான் இருந்தன. ஊசி வைத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. கையால் கழுவிய பக்கத்தில், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, சருகு மிதிபடுவது போலச் சின்னச் சின்னச் சத்தம். பக்கம் முடிந்து ஊசியைத் தூக்கினால் அதன் முனையில் சாம்பல் நிறத்தில் துளிப் பஞ்சு தொங்கியது. மறுபக்கம் நிசப்தம். ஊசியும் சுத்தமாக இருந்தது.

அன்றிலிருந்து எந்தச் சுத்திகரிப்பு முறையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: அழுக்கு கடைசியில் எங்கே போகிறது? தட்டை விட்டு வெளியேறுகிறதா, அல்லது ஊசி ஓடும் பள்ளத்துக்குள்ளேயே இடம் மாறி உட்காருகிறதா? எல்பியின் பள்ளம் கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அகலம்தான். அதற்குள் இறங்கும் சாதாரணக் கூம்பு ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பாரம் 2 கிராம் அளவுதான் என்றாலும், அது முழுவதும் கண்ணுக்கே தெரியாத புள்ளியில் இறங்குவதால் அழுத்தம் மிக அதிகம். நடுவில் ஒரு துகள் மாட்டினால் தட்டின் பிளாஸ்டிக்கான வினைலிலேயே பதிந்துவிடும். ஊசியும் தேயும்.

முதலில் உலர் முறைகள். கார்பன் ஃபைபர் பிரஷ், வெல்வெட் அட்டை, மைக்ரோஃபைபர் துணி ஆகிய மூன்றில் தினசரி வேலைக்கு நான் பிரஷ் பக்கம். அதன் இழைகள் மின்சாரம் கடத்துபவை. வினைலில் எப்போதும் ஏறி நிற்கும் நிலைமின்னூட்டம்தான் அறையில் மிதக்கும் தூசியைத் தட்டுக்கு இழுக்கிறது. பிரஷ் அதைக் கொஞ்சம் இறக்கிவிடும். தட்டு சுழலும்போது இழை நுனிகள் மட்டும் படும்படி பிடித்து, இரண்டு மூன்று சுற்று அப்படியே விட்டு, அப்புறம் மெதுவாக விளிம்பை நோக்கி இழுத்து வெளியே எடுக்க வேண்டும். அழுத்தினால் தூசி உள்ளே போகும். வெல்வெட் அட்டை மேல்தூசியை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் அட்டையை அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால் நேற்றைய தூசி இன்றைய தட்டில் ஏறும். மைக்ரோஃபைபர் துணி ஈரத்தை ஒற்றி எடுக்க நல்லது. உலர்ந்த தட்டில் தேய்க்க வேண்டாம். சட்டை நுனியால் துடைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பிரஷ் எவ்வளவு நல்லதானாலும் கைரேகையின் எண்ணெய்ப் பசையையோ, பல வருடம் படிந்த புகைப் படலத்தையோ எடுக்காது. அதற்குத் தண்ணீர் வேண்டும்.

கையால் கழுவுவது, தொட்டியில் சுழற்றுவது இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். காய்ச்சி வடித்த நீர், அதில் அயனியற்ற (non-ionic, அதாவது மின்னூட்டம் இல்லாத வகை) சோப்புக் கரைசல் சில துளிகள். குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று சொல்வது அதிலுள்ள உப்புகளுக்காக. தண்ணீர் ஆவியானதும் அவை பள்ளத்தில் வெள்ளையாகப் படியும், பிறகு அவையே சத்தம் போடும். தொட்டி முறையில் தட்டு செங்குத்தாக நின்று இரண்டு பிரஷ்களுக்கு நடுவே சுழலும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுத்தமாகும், லேபிளும் நனையாது. கையால் செய்யும்போது லேபிள் நனையாமல் பார்ப்பதே பாதி வேலை. அதனால் இருபது, முப்பது தட்டுகள் வைத்திருப்பவர் தொட்டியை வாங்கலாம், வருத்தப்பட மாட்டார்.

ஆனால் தொட்டியிலும் அதே கேள்வி இருக்கிறது. ஐந்தாவது தட்டு கழுவும்போது முதல் நான்கின் அழுக்கும் அதே தண்ணீரில்தான் மிதக்கிறது. பெரிய துகள்கள் அடியில் படிந்துவிடும், கரைந்தது கரைந்தபடியே இருக்கும். தட்டைத் துணியால் ஒற்றிக் காய வைத்தால் தண்ணீர் போகும், கரைந்த அழுக்கும் சோப்பும் பள்ளத்தில் தங்கும். என் முதல் பக்கத்துக்கு நடந்ததும் அதுதான். கையோ தொட்டியோ, வெறும் வடித்த நீரில் இன்னொரு முறை அலசாமல் எடுக்காதீர்கள். பலரும் தாண்டிப்போகும் படி இது. விலை குறைந்த முறைகளில் கிடைக்கும் பலனில் பெரும் பங்கு இதில்தான் இருக்கிறது.

ஆல்கஹால் சேர்க்கலாமா என்பது ஓயாத சண்டை. ஐசோபுரொபைல் ஆல்கஹால் பத்துப் பதினைந்து சதவீதம் மட்டும் இருக்கும்படி நீரில் கலந்து, வினைலில் சிறிது நேரம் மட்டும் படவிட்டு எடுப்பவர்கள் நிறைய பேர். எனக்கு அது பிசுக்கு ஏறிய தட்டுக்கு மட்டும். மற்றதற்கெல்லாம் சோப்புக் கரைசலே போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளில் பெரும்பாலானவை வினைல் இல்லை, அரக்கு. ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். ஒரு துடைப்பிலேயே பள்ளம் போய்விடும், அதை மீட்க வழியே இல்லை. அரக்குத் தட்டைத் தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது. கொலம்பியா நிறுவனம் 1948-ல் எல்பியைக் கொண்டுவந்த பிறகுதான் வினைல் பரவலானது. அதற்கு முந்தைய தட்டு கையில் கனமாகவும், தட்டினால் ஓடு போலவும் இருந்தால் அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உறிஞ்சும் இயந்திரம் ஜெயிக்கும் இடம் காய வைப்பதில். கரைசலைப் பரப்பி, பிரஷால் தேய்த்து, பிளவுள்ள குழாயைத் தட்டின் மேல் வைத்துச் சுழற்றினால் ஈரமும் அழுக்கும் ஒன்றாகவே மேலே போய்விடும். ஆவியாவதற்கு எதுவும் மிஞ்சாது. குறைகளும் உண்டு. போடும் சத்தத்தில் பக்கத்து அறையில் பேச முடியாது. இரண்டு சுற்றுக்கு மேல் உறிஞ்சவிட்டால் உலர்ந்த தட்டில் நிலைமின்னூட்டம் ஏறி, வெளியே எடுத்த கணமே தூசியை இழுக்கும். குழாயின் வாயில் ஒட்டியிருக்கும் வெல்வெட் பட்டையைக் கழுவாமல் விட்டால் அதுவே அழுக்கைக் கடத்தும்.

அல்ட்ராசானிக் (மீயொலி) தொட்டி இன்னொரு வகை. விநாடிக்கு 40,000 அதிர்வுகள் என்பது வழக்கமான அளவு. அந்த அதிர்வில் நுண்குமிழிகள் உண்டாகி உடைந்து, எந்தப் பிரஷ் இழையும் எட்டாத அடிப்பள்ளத்திலிருந்தும் அழுக்கைக் கிளப்பும். அழுக்கைக் கிளப்புவதில் இதற்கு இணை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிளப்பிய அழுக்கு அதே தண்ணீரில்தான் கிடக்கிறது. வடிகட்டி இல்லாமல், அலசாமல், விசிறிக் காற்றில் காய வைத்தால் விலையுயர்ந்த முறையில் பழைய தவற்றையே செய்கிறோம். தண்ணீரின் சூட்டையும் கவனிக்க வேண்டும், வெதுவெதுப்பைத் தாண்டினால் தட்டு வளையலாம். இரண்டும் கையில் இருந்தால் அல்ட்ராசானிக்கில் கிளப்பி, உறிஞ்சி எடுப்பதுதான் உச்சம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தயக்கமில்லாமல் உறிஞ்சும் இயந்திரம்.

மரப்பசையை ஊற்றிக் காயவிட்டு உரித்தெடுக்கும் முறையும் உண்டு. அழுக்கு வெளியேறத்தான் செய்யும். ஆனால் பூச்சு மெல்லியதாகிவிட்டால் உரிக்கும்போது கிழிந்து துணுக்குகள் பள்ளத்தில் தங்கும். வேறு எதற்கும் மசியாத, போனாலும் பரவாயில்லை என்ற தட்டுக்கு மட்டும்.

இவ்வளவும் செய்து, தட்டைப் பழைய உறையிலேயே திருப்பிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. காகித உள்ளுறை நாளடைவில் பொடிப்பொடியாக நார் உதிர்க்கும், ஒவ்வொரு முறை உருவும்போதும் மெல்லிய கோடுகள் போடும். பிவிசி உறை அதைவிட மோசம். அதை மிருதுவாக்கச் சேர்த்த ரசாயனம் காலப்போக்கில் கசிந்து தட்டின் மேல் மங்கலான படலமாகும், அது பிறகு கழுவினாலும் போகாத இரைச்சல். பாலிஎதிலீன் உறைதான் சரி. அச்சிட்ட பழைய உள்ளுறையைத் தூக்கி எறிய வேண்டாம். வெளி அட்டைக்குள் தட்டுக்குப் பின்னால் தனியாக வைத்துக்கொள்ளலாம். அடுக்குவது நிறுத்தித்தான், படுக்கவைத்து அல்ல.

அப்புறம் அந்தப் பழைய எல்பியின் முதல் பக்கத்தையும் ஒரு நாள் உறிஞ்சும் இயந்திரத்தில் போட்டேன். சருகுச் சத்தம் போய்விட்டது. ஆனால் மூன்றாவது பாட்டில், ஒழுங்கான இடைவெளியில், ஒரு 'டக்' மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், 1.8 விநாடிக்கு ஒருமுறை. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றும் தட்டு ஒரு சுற்று முடிக்க ஆகும் நேரம் அது. தூசி இப்படிக் கணக்குப் பார்த்துச் சத்தம் போடாது, தாறுமாறாகத்தான் வெடிக்கும். சாய்வான வெளிச்சத்தில் பிடித்தபோது பள்ளங்களுக்குக் குறுக்கே மெல்லிய கோடு தெரிந்தது. யாரோ எப்போதோ அவசரமாக உறையிலிருந்து உருவியபோது விழுந்த கீறலாக இருக்க வேண்டும். இப்போது அந்தத் தட்டை எடுக்கும்போது உறையின் வாயை அகலமாக வளைத்து, விரல் நுனியை லேபிளிலும் விளிம்பைக் கட்டைவிரல் அடியிலும் தாங்கித்தான் வெளியே எடுக்கிறேன்.