பிட் குடும்பமா, ஃபாக்ஸ் குடும்பமா: எதை முதலில் படிப்பது?

18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியலைக் குடும்பக் கதை வழியாகப் படிக்க நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. மூத்த வில்லியம் பிட்டும் ஹென்றி ஃபாக்ஸும் அரசியல் போட்டியாளர்கள். அப்புறம் மகன்களும் அப்படியே ஆனார்கள்.

திருமணம்
பிட்: 1754இல், 46 வயதில், ஹெஸ்டர் கிரென்வில்லை மணந்தார். வரவு செலவைப் பெரும்பாலும் ஹெஸ்டர்தான் பார்த்துக்கொண்டார்.
ஃபாக்ஸ்: 1744இல் ரிச்மண்ட் கோமகனின் மகள் கரோலினை ரகசியமாக மணந்தார். பெண்வீட்டார் சில ஆண்டுகள் பேசவே இல்லை. பெற்றோர் சம்மதமின்றி இளையோர் மணப்பதைத் தடுத்த 1753ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் கடுமையாக எதிர்த்ததில் வியப்பில்லை.

பிள்ளைகள்
பிட்: ஐந்து பேர். இளைய வில்லியம் வீட்டிலேயே படித்து, 14 வயதில் கேம்பிரிட்ஜ் போய், 24 வயதில் பிரதமரானார்.
ஃபாக்ஸ்: அதட்டாமல் வளர்த்தார். மகன் சார்லஸ் ஜேம்ஸின் சூதாட்டக் கடனுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கட்டினார்.

கடன்
பிட்: மூத்த பிட் இறந்தபின் அவர் கடனை நாடாளுமன்றமே 20,000 பவுண்டு கொடுத்து அடைத்தது.
ஃபாக்ஸ்: பதவியில் சேர்த்த செல்வம் ஏராளம்.

ஒரு பிரதமர் எப்படி உருவாகிறார் என்று பார்க்க பிட் குடும்பம் சரி. காதல், பாசம், செல்லத்தின் விலை எல்லாம் வேண்டுமென்றால் ஃபாக்ஸ். நான் ஃபாக்ஸைத்தான் முதலில் சொல்வேன். அங்கே மனிதர்கள் நெருக்கமாகத் தெரிகிறார்கள்.