புது ஆல்டர்னேட்டர் என்று வெள்ளிப் பெயிண்டை வாங்கிய கதை

என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு ஏற்றும் ஆல்டர்னேட்டரை நானே கழற்றி மாட்டினேன். வேலை சரியாகத்தான் நடந்தது. ஏமாந்தது கடை கவுன்டரில். மூன்று வாரம் கழித்து, "நீங்களே மாட்டினீங்களா சார்?" என்று கடைக்காரர் கேட்டதோடு வாரண்டி என்ற பேச்சே முடிந்துபோனது. நிறைய ஓடிய கார் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் சொந்தமாகச் செய்ய நினைப்பவர்கள், பார்ட்ஸ் வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் கார் 2,40,000 கிலோமீட்டர் தாண்டியது. அதில் இருந்தது கார் வாங்கும்போதே வந்த ஆல்டர்னேட்டர். ஒரு நாள் இரவு பேட்டரி விளக்கு மங்கலாக எரிய ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அணையும், வண்டி நின்றால் மறுபடி வரும். ஹெட்லைட்டும் கூடவே ஏறி இறங்கியது. காலையில் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராத்திரி முழுக்க சும்மா நின்ற பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது, அதில் குறை சொல்ல முடியாது. என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் வர வேண்டும். வந்தது 12.9. ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டதும் 12.1-க்கு இறங்கிவிட்டது. பெல்ட் வழுக்கவில்லை. ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் முனைக்கும் (கரண்ட் வெளியே வரும் முனை) பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் 0.1 வோல்ட்தான் விழுந்தது, அதனால் வயரும் நல்ல வயர்தான். கோளாறு ஆல்டர்னேட்டருக்கு உள்ளேயே. (கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும் புதுக் கார்களில் சில நேரம் வோல்டேஜ் குறைவாக நிற்பது இயல்பு. அங்கே இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள்.)

நான் நிதானித்திருக்க வேண்டிய இடம் இதுதான். இவ்வளவு ஓடிய வண்டியில் பெரும்பாலும் முதலில் தேய்வது கார்பன் பிரஷ். சுற்றும் ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு சின்னக் கரித்துண்டுகள், அவ்வளவுதான். பல மாடல்களில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோடு சேர்ந்தே வரும். பின்பக்கம் இரண்டு மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் கையில் வந்துவிடும். அதைப் பார்க்காமல் முழு ஆல்டர்னேட்டரையே மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவன், என் வண்டி என்றதும் அவசரப்பட்டுவிட்டேன்.

கழற்றுவதில் என்னைப் படுத்தியது ஒரே ஒரு போல்ட். மற்றபடி முதல் வேலை பேட்டரி மைனஸைக் கழற்றுவது. பி பிளஸ் வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது; சாவி அணைந்திருந்தாலும் அதில் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் அதையும் என்ஜின் உடம்பையும் ஒரே நேரத்தில் தொட்டால் வெல்டிங் பட்டறைதான். பெல்ட் எந்தப் புல்லிக்கு மேலே, எந்தப் புல்லிக்குக் கீழே போகிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, பெல்ட்டை இறக்கி, கனெக்டரையும் பி பிளஸ் நட்டையும் கழற்றியாயிற்று. கீழே இருந்த நீள போல்ட் மட்டும் அசையவில்லை. துருவிளக்கி எண்ணெயை ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்ட பிறகுதான் மனசு வைத்தது. வெளியே வந்த ஆல்டர்னேட்டரையும் நாலு கோணத்தில் போட்டோ எடுத்தேன். பின்மூடியில் காற்றுக்கான விலா ஒன்று உடைந்திருந்தது. அந்தப் போட்டோ பின்னால் எதற்கு உதவும் என்று அப்போது தெரியாது.

கடையில் பழையதைக் காட்டினேன். லேபிளில் இருந்த நம்பரைப் பார்த்துவிட்டு, "இருக்கு சார், 90 ஆம்பியர், புதுசு. பழசைக் கொடுத்துட்டீங்கன்னா விலையில குறைச்சுக்கலாம்" என்றார். ஒரு கம்பெனி அட்டைப்பெட்டியிலிருந்து பளபளவென்று வெள்ளி நிறத்தில் ஒன்று வெளியே வந்தது. மோட்டாரில் கோத்துச் சுற்றவிட்டு ஒரு பல்பை எரியவைத்தும் காட்டினார்கள். 60 வாட் பல்பு கேட்பது வெறும் 5 ஆம்பியர். 90 ஆம்பியர் கொடுக்க வேண்டிய பொருளுக்கு அது ஒரு சோதனையே இல்லை. உள்ளே கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடுகளில் ஒன்று போயிருந்தாலும் பல்பு எரியும். அன்றைக்கு அந்த வெளிச்சம் எனக்குப் போதுமானதாக இருந்தது. பில்லில் "ஆல்டர்னேட்டர் - 1" என்று மட்டும் எழுதியிருந்தது. புதியதா, ரீகண்டிஷன் செய்ததா (பழையதைச் சரிசெய்ததா), ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். என்ஜின் பக்கத்து பிராக்கெட்டில் போல்ட் நுழையும் வளையமான புஷ்ஷை லேசாகத் தட்டிப் பின்னுக்குத் தள்ளினால் ஆல்டர்னேட்டர் தானாக உட்காரும். அது தெரியாமல் அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். ஸ்டார்ட் செய்ததும் 14.2 வோல்ட். பேட்டரி விளக்கு அணைந்துவிட்டது. தோளைத் தட்டிக்கொள்ள ஆள் இல்லாததால் நானே தட்டிக்கொண்டேன்.

மூன்று வாரம் ஓடியது. அப்புறம் மெல்லிதாக ஒரு ஊளைச் சத்தம், என்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறியது. ரேடியோவிலும் அதே ஊளை. ஒரு வாரக் கடைசியில் வண்டியை இரண்டு ராத்திரி எடுக்காமல் விட்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் டிக், டிக் என்றதோடு சரி.

பேட்டரியை வெளிச் சார்ஜரில் போட்டு ஏற்றிவிட்டு (செத்த பேட்டரியை நிரப்பும் வேலையை ஆல்டர்னேட்டர் தலையில் கட்டினால் அதுவும் சூடேறிச் சாகலாம்) மறுபடி அளந்தேன். ஓடும்போது 13.5 வோல்ட். மீட்டரை ஏசி (குளிர்சாதனம் அல்ல, திசை மாறி மாறி ஓடும் கரண்ட்) அளவுக்கு மாற்றி அதே பேட்டரி முனைகளில் வைத்தால் 1.1 வோல்ட். ஆல்டர்னேட்டர் உள்ளே உண்டாக்குவது ஏசி கரண்ட். அதை டிசி (ஒரே பக்கம் ஓடும் கரண்ட்) ஆக்குவது டயோடுகள். அவை சரியாக இருந்தால் பேட்டரியில் ஏசி அரை வோல்ட்டைக்கூடத் தொடக் கூடாது. ஒரு சங்கடம், மலிவான மீட்டர்கள் சில டிசியையே ஏசி என்று காட்டிப் பயமுறுத்தும். முதலில் என்ஜினை அணைத்துவிட்டு ஏசி அளவில் வைத்துப் பாருங்கள். பூச்சியம் வந்தால்தான் அந்த மீட்டரை இந்த வேலைக்கு நம்பலாம். என்னுடையது பூச்சியம் காட்டியது.

அப்புறம் சாவியை எடுத்துவிட்டு, கதவெல்லாம் பூட்டி, வண்டி முழுசாகத் தூங்க அரைமணி நேரம் கொடுத்தேன். பேட்டரி மைனஸ் வழியில் மீட்டரைக் கோத்தால் 1 ஆம்பியருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. தூங்கும் காருக்கு 0.05 ஆம்பியர் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் வயரைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைத்ததும் 0.03-க்கு விழுந்தது. வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. டயோடு வழியாகத்தான் ராத்திரி முழுக்கப் பேட்டரி ஒழுகியிருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை.

"யார் மாட்டினது?"

"நான்தான்."

"நீங்களே மாட்டினீங்களா சார்? அப்ப பேட்டரியைப் பிளஸ் மைனஸ் மாத்திக் கொடுத்திருப்பீங்க. டயோடு போயிடும்."

பொய்யில் பாதி உண்மை கலந்திருந்ததால் ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பேட்டரியை மாற்றிக் கொடுத்தால் டயோடு போவது நிஜம். ஆனால் அது அந்த நொடியே போகும், மெயின் ஃப்யூஸும் பெரும்பாலும் கூடவே போகும். மூன்று வாரம் 14.2 வோல்ட் கொடுத்துவிட்டு நிதானமாகச் சாகாது. இதைச் சொன்னேன். "எலக்ட்ரிகல் ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாது. மெக்கானிக் மாட்டின பில் இருந்தா பார்க்கலாம்" என்றார். கூட இருந்த பையன், "வண்டி ஓடும்போது பேட்டரி வயரை உருவிப் பாருங்க, என்ஜின் நிக்கலைன்னா ஆல்டர்னேட்டர் ஓகே" என்று யோசனை வேறு சொன்னான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் காரின் கம்ப்யூட்டரையே சுட்டுவிடலாம். அப்படிச் சுட்டால் அதற்கும் பழி நம் தலையில்தான் விழும்.

சரி, என் பழையதையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். "அது போயிடுச்சு சார்." திரும்பும்போது உள்ளே வேலை மேஜையில் ஒரு ஆல்டர்னேட்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பின்மூடியில் ஒரு விலா உடைந்திருந்தது. பக்கத்தில் கழற்றிப் போட்ட ரெகுலேட்டரில் பிரஷ் தேய்ந்து நகக்கண் அளவுக்கு நின்றது. போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். "இது மாதிரி ஆயிரம் வரும்" என்றார்கள். சின்னப் பிரஷ் மாற்றினால் இன்னும் பல வருஷம் ஓடியிருக்கக்கூடிய கம்பெனிப் பொருளைக் கொடுத்துவிட்டு, மேலே பணமும் கொடுத்து, இன்னொருவருடைய கழிசலை வாங்கி வந்திருக்கிறேன்.

அதை உறுதி செய்துகொள்ளக் கழற்றி வந்து பிரித்தேன். பிரஷ் மட்டும் புதியது. அது உரசும் செம்பு வளையங்களில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். பின் பேரிங்கில் துரு. டயோடு பிளேட்டில் ஒரு இடத்தில் மட்டும் கருகிய சால்டரிங். வயர்களைப் பிரித்து மீட்டரின் டயோடு அளவில் சோதித்தால் நல்ல டயோடு ஒரு பக்கம் 0.5 வோல்ட் அளவில் காட்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டாது. இரண்டு டயோடுகள் இரண்டு பக்கமும் ஏதோ ஒரு எண்ணைக் காட்டின.

வெளியிலேயே எல்லாம் எழுதியிருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. பிளாஸ்டிக் கனெக்டரின் ஓரத்தில் வெள்ளிப் பெயிண்ட் ஏறியிருந்தது. எந்தத் தொழிற்சாலையும் அங்கே பெயிண்ட் அடிக்காது. போல்ட் தலைகளின் முனை மழுங்கி, அதன் மேல் பெயிண்ட். புல்லிப் பள்ளத்தில் பெல்ட் ஓடி ஏறிய மினுமினுப்பு. காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்திருந்தால் செம்புக் கம்பி கறுத்திருப்பதும் மூலையில் பழைய புழுதியும் தெரிந்திருக்கும். உடம்பில் நம்பர் பொறித்த இடத்தை அரத்தால் தேய்த்துவிட்டு மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

ரீகண்டிஷன் பொருளை நான் குறை சொல்லவில்லை. பேரிங், பிரஷ், டயோடு எல்லாம் மாற்றி, ரீகண்டிஷன் என்று சொல்லியே விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல பொருள்தான். பழையதைப் புதுசு என்று விற்றதும், மாட்டினவன் தலையில் பழியைப் போட்டதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாவது தடவை வேறு இடத்தில் வாங்கினேன். டார்ச்சோடு போனேன். புதியது என்றும், எத்தனை மாதம் வாரண்டி என்றும், சொந்தமாக மாட்டினாலும் செல்லும் என்றும் பில்லில் எழுதச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார், பிறகு எழுதிக் கொடுத்தார். மாட்டும்போது பேட்டரி இணைப்பு, பெல்ட், மீட்டரில் வந்த வோல்டேஜ் எல்லாவற்றையும் தேதியோடு வீடியோ எடுத்து வைத்தேன். இந்த முறை வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பழகிவிட்டதே!

முதல் கடையிலிருந்து பணம் வரவில்லை. புதியதை மாட்டி எட்டு மாதம் ஆகிறது. ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) 14.1 வோல்ட், மீட்டரின் ஏசி அளவில் 0.03. அந்த வெள்ளிப் பெயிண்ட் ஆல்டர்னேட்டர் பிரித்தபடியே ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. யாராவது ஆல்டர்னேட்டர் வாங்கப் போகிறேன் என்றால் முதலில் அதை எடுத்துக் கையில் கொடுக்கிறேன்.